ஒரு குழந்தைக்கு எத்தனை வாசல்? பால்வாடி, நர்ஸம்மா, ஸ்கூல்... ஒன்றாகச் சேர்ந்தால்தான் குடும்பத்துக்கு நிம்மதி!

மதுரையின் மேற்கு ஓரத்தில், மேலக்கால் சாலையில் இருக்கிறது கோச்சடை. முத்தையா கோயிலால் பலருக்கும் தெரிந்த ஊர். ஒரு காலத்தில் வயலும் வைகைக் கரையுமாக இருந்த இடத்தில் இன்று அப்பார்ட்மென்ட்டுகள் எழுந்து நிற்கின்றன. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் துவரிமான். அங்கே மாநகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்கிவிடும்.

இந்த எல்லைக்கோடு வரைபடத்தில் மட்டும் இருப்பதில்லை. குழந்தை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அது ஓடுகிறது. கோச்சடையில் தடுப்பூசி போடுவது மாநகராட்சியின் நகர்ப்புற சுகாதார நிலையத்து நர்ஸ். துவரிமானில் அது கிராம சுகாதார செவிலியரின் வேலை. இரண்டு ஊரிலும் சத்துமாவு தருவது அங்கன்வாடி. அது சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ் வருகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டால் பிள்ளை பள்ளிக்கல்வித் துறைக்குப் போய்விடும்.

வளர்வது ஒரே குழந்தை. ஆனால், அதன் எடை ஒரு நோட்டில், தடுப்பூசி இன்னொரு அட்டையில், அம்மாவுக்கான உதவித்தொகை மூன்றாவது கம்ப்யூட்டரில். இவற்றையெல்லாம் ஒன்றாக இணைப்பது யார்? பெரும்பாலும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் அம்மாதான்!

ஆறு சேவை, இரண்டு துறை

நாம் இன்றும் `பால்வாடி' என்றே சொல்லும் அங்கன்வாடி, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் முகம். 1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுக்க 33 வட்டாரங்களில் சோதனையாக இது தொடங்கப்பட்டது. பெயரிலேயே `ஒருங்கிணைந்த' என்ற வார்த்தை இருப்பதற்குக் காரணம் உண்டு.

கூடுதல் ஊட்டச்சத்து, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து மற்றும் சுகாதார விழிப்புணர்வு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல் என இதில் ஆறு சேவைகள். முதல் மூன்றும் அங்கன்வாடிப் பணியாளரின் கையில். அடுத்த மூன்றும் சுகாதாரத் துறையின் கையில். ஆக, அங்கன்வாடி டீச்சரும் நர்ஸம்மாவும் கைகோக்காவிட்டால் திட்டத்தில் பாதி காகிதத்தில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயது வரையிலான குழந்தைகள் என எல்லோருக்கும் பொதுவான முதல் வாசல் அதுதான்.

கொட்டாம்பட்டி சொன்ன பாடம்

இப்படிச் சேர்ந்து வேலை செய்வது மதுரைக்குப் புதிதல்ல. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1980-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கியது மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான்.

அந்தத் திட்டத்தின் யோசனை எளிமையானது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். எடை ஏறாமல் தடுமாறும் குழந்தைக்கு மட்டும், குறைந்தது 90 நாள்கள் சத்துணவு உருண்டை தர வேண்டும். எடை ஏறிவிட்டால் உணவை நிறுத்தலாம். ஏறவில்லை என்றால்? நோய் ஏதும் இருக்கிறதா என்று சுகாதாரப் பணியாளர் பார்க்க வேண்டும்.

அதாவது, தராசு முள் நகரவில்லை என்றால் கேள்வி அம்மாவை நோக்கிப் போகாது. அடுத்த பணியாளரை நோக்கிப் போகும். கூடவே, உள்ளூர்ப் பெண்களின் குழுக்களும் இதில் பங்கெடுத்தன. எடைக்கோடு எப்படி நகர்கிறது என்பதைத் தாய்மார்களே பார்த்துப் புரிந்துகொண்டார்கள். திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு கணிசமாகக் குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடு சொன்னது.

1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர் அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, 2 வயதுக் குழந்தையிலிருந்தே மதிய உணவு கிடைத்தது. 2022 செப்டம்பர் 15-ம் தேதி, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் மதுரையில்தான். குழந்தையின் தட்டு விஷயத்தில் இந்த மண்ணுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

எங்கே ஜெயித்தோம், எங்கே தடுக்குகிறது?

2019-21-ல் நடந்த 5-வது தேசிய குடும்ப நல ஆய்வின் எண்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. ஆனால், அதே ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை.

பிரசவம் ஒரு நாள் நிகழ்வு. ஆம்புலன்ஸ் வந்தால், டாக்டர் இருந்தால் நடந்துவிடும். ரத்தசோகை அப்படியல்ல. அம்மாவின் சாப்பாடு, இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு நீக்கம், குடிதண்ணீர், கழிப்பறை, வீட்டு வருமானம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு துறை தனியாக ஓடி ஜெயிக்க முடியாத பந்தயம் இது. அம்மாவை விட்டுவிட்டுக் குழந்தைக்கு மட்டும் சத்து ஏற்றவும் முடியாது. குடும்பம் முழுவதையும் பார்த்தாக வேண்டும்.

மூன்று இடங்களில் கை நழுவுகிறது

*முதலாவது, நேரம்.* சித்தாள் வேலைக்கோ, வீட்டு வேலைக்கோ, கடைக்கோ போகும் அம்மா திரும்ப இருட்டிவிடும். அங்கன்வாடி அதற்கு முன்பே மூடிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை யாரிடம்? பாட்டி இல்லாத வீட்டில் அக்காவின் படிப்புதான் பலியாகும். அங்கன்வாடியுடன் குழந்தைகள் காப்பகத்தையும் சேர்த்து நடத்த, மத்திய அரசின் `பால்னா' திட்டம் வழி செய்கிறது. இது பரவினால் ஒரே ஏற்பாட்டில் அம்மாவின் வருமானமும் அக்காவின் பள்ளியும் தம்பியின் சாப்பாடும் காப்பாற்றப்படும்.

*இரண்டாவது, இடப்பெயர்ச்சி.* கட்டட வேலைக்காக வெளிமாவட்டம், வெளிமாநிலத்திலிருந்து வரும் குடும்பங்கள் சில மாதங்களில் அடுத்த சைட்டுக்குப் போய்விடும். மாநகராட்சியிலிருந்து ஊராட்சிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே பார்க்கும் நர்ஸ் மாறிவிடுகிறார். `போஷன் டிராக்கர்' செயலியில் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்குப் பெயரை மாற்ற வசதி உண்டு. ஆனால், வந்த குடும்பத்தை யாராவது கதவைத் தட்டிக் கேட்டால்தான் அது நடக்கும்.

*மூன்றாவது, பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும்.* பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், `மெதுவா வரும்' என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படும். அந்தப் பரிந்துரைச் சீட்டோடு பஸ் ஏறிப் போனார்களா, தெரபி தொடர்ந்ததா என்று திரும்பி வந்து விசாரிப்பது யார் என்பதில்தான் சங்கிலி அறுந்துபோகிறது.

சிலி எப்படிச் செய்கிறது?

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் `சிலே க்ரெஸே கோன்டிகோ' என்றொரு திட்டம் உண்டு. `சிலி உன்னோடு வளர்கிறது' என்று அர்த்தம். 2009-ல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணியின் முதல் பரிசோதனையிலேயே குடும்பம் திட்டத்துக்குள் வந்துவிடும். அப்பாவுக்கு வேலை இல்லை, வீடு சரியில்லை, அம்மாவுக்கு மனச்சோர்வு என எது தெரிந்தாலும், அந்தந்த உள்ளாட்சியில் இருக்கும் கூட்டுக்குழு உரிய துறைக்குத் தகவல் அனுப்பும்.

நம்மிடமும் அதற்கான விதை இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் `பிக்மி' எண், கர்ப்பகாலம் முதல் தடுப்பூசி வரை பின்தொடர்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுவே அடிப்படை. அந்த எண்ணும் அங்கன்வாடியின் எடைக் கணக்கும் ஒரே திரையில் தெரிந்தால், பாதி அலைச்சல் குறையும்.

ஆனால், செயலி மட்டும் போதாது. சமைத்துப்போட்டு, எடை போட்டு, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, வீடு வீடாகப் போய், பிறகு போனில் பதிவேற்றவும் செய்யும் அங்கன்வாடிப் பணியாளர்கள் மீது இன்னொரு கணக்கெடுப்பை ஏற்றினால், குறைவது குழந்தையோடு செலவிடும் நேரம்தான். ஒருங்கிணைப்பு என்பது அவர்களுக்குக் கூடுதல் படிவமாக மாறிவிடக் கூடாது.

பெற்றோர் கவனத்துக்கு...

* கர்ப்பம் உறுதியானதும் நர்ஸிடம் பதிவு செய்து `பிக்மி' எண் வாங்குங்கள். அதே வாரத்தில் அருகிலிருக்கும் அங்கன்வாடியிலும் பெயர் கொடுங்கள்.

* குழந்தை பிறந்த 21 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் இந்தச் சான்றிதழே முக்கிய ஆவணம்.

* தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று தாய் சேய் நல அட்டையோடு போய், எடையையும் உயரத்தையும் அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

* 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ-க்குக் கீழே இருந்தால், அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. சத்துமாவோடு நிறுத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* வாடகை வீடு மாறினால், கேஸ் கனெக்‌ஷன் மாற்றுவதுபோல அங்கன்வாடிப் பெயரையும் மாற்றுங்கள்.

* சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

இந்தப் பட்டியலில் அப்பாக்களுக்கும் வேலை இருக்கிறது. அட்டையில் அடுத்த தடுப்பூசித் தேதியைப் பார்த்துவைப்பதும், அன்று ஒருவேளை லீவு போடுவதும் அம்மாவின் வேலை மட்டுமல்ல.

மூளை வளர்ச்சியில் 85 சதவிகிதத்துக்கு மேல் 6 வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்கிறது தேசிய கல்விக் கொள்கை. துறைகள் கூடிப் பேசி முடிவெடுக்க அடுத்த நிதியாண்டுவரை காத்திருக்கலாம். ஆனால், இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்த ஓராண்டு என்பது அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் பாதி!