சாவி வீட்டுக்குள், கார் எங்கே?

லண்டன் வீடுகளில் வாசற்கதவைத் திறந்ததும் ஒரு சிறு மேசையோ சுவரில் அடித்த கொக்கியோ இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே கார் சாவியை அதில் மாட்டிவிடுவது வழக்கம். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் தமிழர் வீடுகள் பலவற்றில் இதுதான் ஒழுங்கு. கதவுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி, வீட்டு முன்றிலில், அதாவது டிரைவ்வேயில் கார் நிற்கும். பழைய காருக்கு இதனால் பெரிய ஆபத்தில்லை. சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறந்து, பொத்தானை அமுக்கி ஓட்டிப்போகும் கீலெஸ் காருக்கோ அந்தக் கொக்கிதான் ஆகப் பலவீனமான இடம்.

கார் தொலைந்த காலையில் சொந்தக்காரர் முதலில் கேட்பது, “இரண்டு சாவியும் என் கையில் இருக்கிறதே, எப்படிப் போனது?” என்பதுதான். கண்ணாடி உடையவில்லை, அலாரம் அலறவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள, காரும் சாவியும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய வானொலி அழைப்பை விடுகிறது. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண்; ஓரிரு மீட்டர் எட்டும், அவ்வளவுதான். அருகில் சாவி இருந்தால் அழைப்பைக் கேட்டு விழித்து, ரகசியக் குறியீட்டோடு பதில் சொல்லும். ஐரோப்பியக் கார்களில் இந்தப் பதில் பொதுவாக 433 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அது பல மீட்டர் போகும். கார் குறியீட்டைச் சரிபார்க்கிறது. சாவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பெரும்பாலான கார்கள் அளப்பதில்லை. அழைப்பு காதில் விழுந்திருக்கிறது, ஆகவே சாவி பக்கத்தில்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கின்றன.

திருடர்கள் இருவராக வருவார்கள். ஒருவர் காரின் அருகே நின்று அதன் அழைப்பைப் பிடித்துக் கூட்டாளிக்கு அனுப்புவார். கூட்டாளி வளைய ஆன்டெனா ஒன்றை வாசற்கதவின் மேல், சுவரின் மேல் பிடித்தபடி நகர்த்துவார். கொக்கியில் தொங்கும் சாவிக்குக் கார் பக்கத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும், பதில் சொல்லிவிடும். கதவு திறக்கும். அதே வேலையை இன்னொரு முறை செய்தால் இன்ஜினும் ஓடும். தொடர் ஓட்டப்பந்தயத்தில் கோலைக் கைமாற்றுவதுபோலச் செய்தியைக் கைமாற்றுவதால் இதற்கு ரிலே திருட்டு என்று பெயர். ரகசியக் குறியீட்டை யாரும் உடைப்பதில்லை. ஓடத் தொடங்கிய இன்ஜின், சாவி விலகிப் போனாலும் நிற்காது. நெடுஞ்சாலையில் வண்டி சட்டென்று அணைந்தால் உயிருக்கு ஆபத்து என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த வித்தையும் இல்லை. சூரிச்சிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இலேயே எட்டு நிறுவனங்களின் 10 கார்களை இப்படித் திறந்து, ஓட்டியும் காட்டினார்கள். கருவிக்கு ஆன செலவு 100 முதல் 1,000 டாலருக்குள். ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. வாகன ஓட்டுநர் சங்கம் 2016 முதல் நூற்றுக்கணக்கான கார்களைச் சோதித்தது, பெரும்பாலானவை தோற்றன. 2017-இல் வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் காவல்துறை ஒரு கேமரா பதிவை வெளியிட்டது. சோலிஹல்லில் ஒரு வீட்டு முன்றிலிலிருந்து மெர்சிடிஸ் கார் ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கிளம்பிப் போகிறது. பல லட்சம் குடும்பங்களுக்கு இந்தக் கார்களை விற்றவர்கள் ஆய்வு வந்த ஆண்டிலேயே விழித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சுமை இன்று வாங்கியவர் தலையில்தான் விழுந்திருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடக்கும் வாகனத் திருட்டுகளில் சுமார் 40 சதவீதத்தில் மின்னணுக் கருவிகள் பயன்பட்டிருக்கின்றன என்று பிரிட்டிஷ் அரசு 2025-இல் சொன்னது. லண்டனில் இது 60 சதவீதம் என்பது மாநகரக் காவல்துறையின் மதிப்பீடு.

இனி, என்ன செய்யலாம்? முதல் வேலைக்குப் பத்து பவுண்டுகூட ஆகாது. உள்ளே உலோக இழை வைத்துத் தைத்த ஃபாரடே பை ஒன்றை வாங்கிச் சாவியை அதில் போட வேண்டும். அலைகள் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வாங்கியதோடு நம்பிவிடக் கூடாது: பையில் போட்ட சாவியோடு காரருகே போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்தால் பை பயனற்றது. மடிப்புகளில் இழை அறுந்து போவதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்ய வேண்டும். மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னும் பல வேளைகளில் உதவும். அதையும் இப்படிச் சோதித்த பிறகே நம்பலாம். எல்லோரும் மறப்பது இரண்டாவது சாவியை. அலமாரி இழுப்பறையில் ஆறு மாதமாகத் தொடாமல் கிடக்கும் சாவிக்கும் காது உண்டு.

உங்கள் சாவிக்குத் தூங்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். ஃபோர்டு நிறுவனம் 2019-இல் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களுக்குத் தந்த சாவி 40 விநாடி அசையாமல் இருந்தால் உறங்கிவிடும். பிறகு அழைப்பு வந்தாலும் பதில் சொல்லாது. சில புதிய கார்களில் அல்ட்ரா வைட்பேண்ட் நுட்பம் இருக்கிறது. செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளந்து, சாவியின் தூரத்தை அது கணக்கிடும். ஒளியும் வானொலி அலையும் ஒரு நானோவிநாடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால் ரிலே கருவி சேர்க்கும் தாமதம் காட்டிக்கொடுத்துவிடும். வேறு பல கார்களில் கீலெஸ் வசதியையே மெனுவிலோ சாவிப் பொத்தான்கள் மூலமோ அணைத்துவிடலாம். சாவியைப் பையிலிருந்து எடுக்கும் சின்னச் சிரமத்துக்குப் பயந்து இதைச் செய்யாமல் விடுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஆனால் சாவியைக் காப்பது மட்டும் இப்போது போதாது. 2022-இல் லண்டனில் வாகன இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் டொயோட்டா ராவ்4 காரே திருடுபோனது. அடுத்த ஆண்டு அவரும் சக நிபுணர் கென் டிண்டெலும் சேர்ந்து முறையை அம்பலப்படுத்தினார்கள். திருடர்கள் முன்பக்க பம்பரை இழுத்து, ஹெட்லைட்டுக்குப் போகும் கம்பிகளில் ஒரு கருவியைச் செருகி, காரின் உள் வலைப்பின்னலுக்கே ‘சாவி சரி’ என்ற பொய்ச் செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். சாவி எந்த டின்னில் இருந்தாலும் இதற்குப் பொருட்டில்லை. அதனால்தான் ஸ்டீயரிங்கில் மாட்டும் பழைய இரும்புப் பூட்டு மீண்டும் மதிப்புப் பெற்றிருக்கிறது. அதை அறுக்க நேரம் எடுக்கும், சத்தம் வரும். திருடன் விரும்பாத இரண்டும் அவை. வாங்கும்போது சோல்ட் செக்யூர் அல்லது தாச்சம் தரச்சான்று இருக்கிறதா என்று பாருங்கள். ரகசிய எண் அடித்தால்தான் காரைக் கிளம்பவிடும் இம்மொபிலைசரும் நல்லது. பொருத்தினால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

நிறுத்தும் இடத்துக்கு வருவோம். தெருவைவிட வீட்டு முன்றில் பாதுகாப்பானது என்று நினைப்போம். பொதுவாக உண்மைதான். கீலெஸ் காருக்கு மட்டும் அங்கே ஒரு முரண் உண்டு: தெருக்கோடியில் நிறுத்தினால் அது யார் வீட்டுக் கார், சாவி எந்த வீட்டில் என்று திருடனுக்குத் தெரியாது, முன்றிலில் நிறுத்தினால் கேட்கவே வேண்டாம். ஆகவே முன்றிலில் நிறுத்துபவர் சாவியை வாசலிலிருந்து தள்ளி, பையில் போட்டு வைப்பது இரட்டிப்பு அவசியம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் கீலெஸ் காரை உள்ளே விட்டு, பழைய காரைக் குறுக்கே நிறுத்துங்கள். காரின் முகத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் பம்பரை இழுக்க இடம் கிடைக்காது. வாசலில் மடக்கக்கூடிய இரும்புத் தூண் நடுவோரும் இருக்கிறார்கள். பூட்டிய கராஜ் எல்லாவற்றிலும் மேல். நம் வீடுகளில் அது அரிசி மூட்டைக்கும் பெட்டிகளுக்கும் போய்விடுகிறது.

பிரிட்டனில் காப்பீடு எடுக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: இரவில் கார் எங்கே நிற்கும்? கராஜா, டிரைவ்வேயா, தெருவா? அஞ்சல் குறியீடும் கேட்பார்கள். இரண்டும் பிரீமியத்தை மாற்றும். கராஜ் என்று சொன்னால் கட்டாயம் குறையும் என்பது தவறான நம்பிக்கை. குறுகிய கராஜில் ஏற்றி இறக்கும்போது ஏற்படும் கீறல்களையும் கணக்கில் எடுக்கும் நிறுவனங்களில் டிரைவ்வேக்குக் குறைவாக வருவதும் உண்டு. உண்மையைச் சொல்லி, பல நிறுவனங்களின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி.

நம்மவர்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டிய இடம் இது. பிரீமியம் குறைய வேண்டும் என்று, நகரத்துக்கு வெளியே இருக்கும் மச்சானின் முகவரியைக் கொடுப்பவர்களும், சாமான் நிறைந்த கராஜைக் ‘கார் நிற்கும் இடம்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். வண்டி ஓடுகிற வரை யாரும் கேட்பதில்லை. திருடுபோன பிறகுதான் கேள்விகள் வரும். 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்டதற்குக் கவனமாக, சரியாகப் பதில் சொல்வது உங்கள் கடமை. வேண்டுமென்றே பொய் சொன்னது தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்தையே செல்லாது என்று சொல்லி, இழப்பீடும் தராமல், கட்டிய பணத்தையும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவுதான் என்றால் கணக்கு வேறு. நீங்கள் கட்டியது 600 பவுண்டு. உண்மையைச் சொல்லியிருந்தால் 800 கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டியது முக்கால் பங்கு, ஆகவே கிடைப்பதும் முக்கால் பங்குதான். 20,000 பவுண்டு காருக்கு 15,000. கடனில் வாங்கிய கார் என்றால் மிச்சக் கடனை உங்கள் சட்டைப்பையிலிருந்து கட்ட நேரும். 200 பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் 5,000 போகிறது.

வீடு மாறினாலோ, டிரைவ்வேயிலிருந்து தெருவுக்கு மாறினாலோ உடனே தெரிவியுங்கள். கராஜ் என்று சொல்லியிருந்தால் பாலிசியைப் படித்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும் இரவுகளில் கார் பூட்டிய கராஜில்தான் நிற்க வேண்டும் என்று சில பாலிசிகள் நிபந்தனை வைக்கின்றன. சாவியைக் காருக்குள் விட்டுப் போனால் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். குளிர்காலக் காலையில் கண்ணாடிப் பனி உருகட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டு வீட்டுக்குள் போவது இந்த வரியில்தான் மாட்டும்.

அப்படியும் கார் போய்விட்டால், காவல்துறைக்கு 101-இல் சொல்லிக் குற்ற எண்ணை வாங்குங்கள். திருட்டு கண்முன் நடக்கிறதென்றால் 999. அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். அவர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால் சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பும் என்பதால், இரண்டாவது சாவி எங்கே என்று இன்றே தேடி வைப்பது நல்லது. கேமரா பதிவு அழிவதற்குள் எடுத்து வையுங்கள். ஸ்டீயரிங் பூட்டு வாங்கிய ரசீதையும் வைத்திருங்கள். நியாயமில்லாமல் மறுக்கிறார்கள் என்று தோன்றினால் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு எட்டு வாரம். அதற்குள் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, நிதிச் சேவைகளுக்கான ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். காப்பீட்டு நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.