சுடாமலே பிளந்த தோட்டாக்கள்

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஏற்றும் ஐஸ் கட்டியை உறைய வைப்பது அம்மோனியா. பெரிய ஐஸ் ஃபேக்டரிகளில் அந்த வாயு போகும் வழியெல்லாம் இரும்பும் எஃகும்தான். வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் செம்புக் குழாய்க்கு அங்கே இடமில்லை. அம்மோனியா படும் இடத்தில் செம்போ பித்தளையோ கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். இந்தப் பகை பேர்போனது ஐஸ் ஃபேக்டரியில் அல்ல, துப்பாக்கித் தோட்டாவில், அதுவும் இந்தியாவில்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படைக்கு மழைக்காலத்தில் வேலை குறைவு. அப்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாருமே சுடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் விரிசல். குண்டைக் கவ்விப் பிடிக்கும் கழுத்தில்தான் அதிகம். பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

கழுத்தில் ஒரு கீறல், அதனால் என்ன என்று தோன்றலாம். தோட்டாக் கூடு வெறும் டப்பா அல்ல. அதில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். விசையை அழுத்தியதும் உள்ளே மருந்து எரிந்து, அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றினுடையதைப் போல 3,000 மடங்குக்கு மேல் எகிறுகிறது. அந்தக் கணத்தில் கூடு உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. சுடுபவர் முகத்தை நோக்கி வாயு பின்வாங்காமல் காப்பது இந்த அடைப்புதான். குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் கூடு மயிரிழை அளவு சுருங்குகிறது. சுருங்கினால்தான் வெளியே வரும்.

நம் போலீஸ்காரர்களின் தோளில் வெகுகாலம் தொங்கிய எஸ்.எல்.ஆர். போன்ற பாதித் தானியங்கித் துப்பாக்கிகளில் கூட்டை இழுத்தெடுக்கக் கையும் தேவையில்லை. குழலில் உள்ள சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு பிரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. அது அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்து, வெற்றுக் கூட்டைப் பிடுங்கி எறிந்து, அடுத்த தோட்டாவுக்கு வழிவிடுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் எனக்குப் பெரிய வியப்பு பிஸ்டன் அல்ல, உப்பவும் சுருங்கவும் தெரிந்த அந்தப் பித்தளைதான்.

எறியப்பட்ட கூடு செத்த பொருளும் அல்ல. 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் துப்பாக்கியை இன்றும் வைத்திருக்கும் அங்குள்ள ஆர்வலர்கள், வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது கேப், மருந்து, குண்டு வைத்துத் தாங்களே தோட்டா செய்துகொள்கிறார்கள். இந்தியாவில் இது வீட்டுப் பொழுதுபோக்கு ஆக முடியாது. தோட்டா தயாரிக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

மறுபடி மறுபடி அச்சில் அழுத்தினால் பித்தளை விறைத்துப்போகும், கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல. அதனால் கழுத்துக்குச் சூடு காட்டி இளக்குவார்கள். ராணுவத் தோட்டாவின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் அழுக்கல்ல, அந்தச் சூட்டின் தடம்.

லாயத்து மர்மம் 1921-இல்தான் அவிழ்ந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் சொன்ன விடை: குதிரை மூத்திரம். அதிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்காலத்து ஈரத்தில் கரைந்து கூட்டின் மேல் படிகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு செம்பைக் கரைத்து நீலமாக்குகிறது. இது மட்டுமே என்றால் கறையோடு போயிருக்கும். ஆனால் தோட்டாக் கூடு, சிறு கிண்ணம் போன்ற பித்தளையைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து நீட்டிச் செய்தது. அந்த இழுவிசை உலோகத்துக்குள் அடங்காமல் கிடக்கிறது. அம்மோனியா அரித்த இடத்தை அது பிளக்கிறது. பிளந்த இடத்தில் அம்மோனியா மேலும் இறங்குகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை. ஆகவே வைத்தியமும் சுலபம்: கூட்டை மிதமாகச் சூடாக்கி உள்ளிழுவிசையைத் தணித்துவிட வேண்டும், லாயத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

ஈரத்தைக் கண்டால் கரையும் அம்மோனியாவின் அதே குணத்தைச் சென்னை எண்ணூர் 2023 டிசம்பர் 26 இரவில் அனுபவித்தது. உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மனித உடலில் அந்த வாயு முதலில் தேடிப் பிடிக்கும் ஈரம் கண்ணும் தொண்டையும் நுரையீரலும்.

தோட்டாவைத் தொடாதவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. சமையல் கேஸ் சிலிண்டரின் வால்வும் பித்தளை. அதை அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைக்காதீர்கள். நீலப்பச்சைக் கறை படர்ந்த வால்வோடு சிலிண்டர் வந்தால், வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.