தீ தீண்டினால் தீயவனா?

திரையிலே ஒரு முகம் தோன்றுகிறது. பாதி வெந்து சுருங்கிய முகம். அவன் இன்னும் வாய் திறக்கவில்லை, ஒருவரையும் தொடவில்லை. ஆனாலும் கொட்டகையிலே குழந்தை தாய்மடியில் முகம் புதைக்கிறது. இவன்தான் வில்லன் என்று யார் சொன்னது? தழும்பு சொன்னது! அப்படிச் சொல்லப் பழக்கியவர் யார்? கதை கட்டியோர்!

மேனாட்டார் விண்ணளந்த விஞ்ஞானிகள்தான். ஆனால் கதை கட்ட உட்கார்ந்தால் கர்மவினைக்காரர்களாகி விடுகிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் காஸ்தோன் லெரூ எழுதி, 1910-இல் நூலாக வந்த 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' கதையில் அந்த மனிதனுக்குப் பிறவியிலேயே கோரமுகம். 1943-இல் ஹாலிவுட் படமெடுத்தபோது அது போதவில்லை. ஏழை வயலின் கலைஞன், தன் இசையைத் திருடிவிட்டார்கள் என்றெண்ணி ஒருவர் கழுத்தை நெரிக்கிறான். உடனே அவன் முகத்தில் திராவகம் விழுகிறது. முதலில் குற்றம், அடுத்த நொடி தண்டனை! 1984-இல் வந்த 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' படத்திலும் அதே கணக்கு. குழந்தைகளைக் கொன்ற ஃபிரெடி குரூகரைப் பெற்றோர் கொளுத்துகிறார்கள். அவன் வெந்த முகத்தோடு கனவில் வந்து கொல்கிறான். இதை நம் புராணிகர் வினைப்பயன் என்பார். அவர்கள் திரைக்கதை என்கிறார்கள். பெயர்தான் வேறு, பித்தலாட்டம் ஒன்றே!

2018-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் விழித்துக்கொண்டது. முகத்தழும்பைக் காட்டி வில்லனை அடையாளப்படுத்தும் படங்களுக்குப் பணம் தருவதில்லை என்று அறிவித்தது. வரவேற்கிறோம்.

வெந்தவன் ஆணாக இருந்தால் அச்சம்; பெண்ணாக இருந்தால்? ராஜ் கபூரின் 'சத்யம் சிவம் சுந்தரம்' (1978) பாருங்கள். சிறுவயதில் கொதிக்கும் எண்ணெய் பட்டுக் கன்னமும் கழுத்தும் வெந்தவள் ரூபா. அவள் குரலில் மயங்கி மணந்தவன், மணந்தபின் முகத்தைக் கண்டதும், இவள் ரூபா அல்லள், ஏமாற்றிவிட்டார்கள் என்று கூச்சலிடுகிறான். பொறியியல் வல்லுநராம்! அணையைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. அவர் திருந்த ஊரையே வெள்ளம் சூழவேண்டியிருக்கிறது. அவள் பட்ட வேதனையா அங்கே கதை? அவன் ஞானம் பெற்றதல்லவா கதை!

அந்த ஞானோதயம் வேண்டாம் என்று தள்ளிய படம் ஒன்று உண்டு. 2019-இல் மலையாளத்தில் வந்த 'உயரே'. விமானி ஆகப் பயிலும் பல்லவியின் முகத்தில், காதலன் என்று சொல்லிக்கொண்டவனே திராவகத்தை வீசுகிறான். கனவு பறிபோகிறது. ஆனால் தழும்பு இங்கே அவள் செய்த பாவத்தின் முத்திரையன்று. அவன் செய்த குற்றத்தின் சாட்சி. திராவகம் வீசினால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்று 2013-இல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டதும் வீசியவனை நோக்கித்தான். பல்லவி மறுபடி விமானம் ஏறுகிறாள், பணிப்பெண்ணாக. ஆபத்து வேளையில் விமானத்தையே தரையிறக்குகிறாள்.

இப்படியும் நடக்குமா என்று கேலி பேசுவோர் உண்டு. வெந்தவன் கனவிலே வந்து கொல்வான் என்றபோது டிக்கெட் வாங்கி நம்பியவர்கள்தானே அவர்கள்!