மார்கழி இரவில் நிரம்பும் குதிர்

கூடையில் மறந்துபோன உருளைக்கிழங்கு முளைவிட்டிருந்தால் வீசிவிடாதீர்கள். வெயில் நேரே படாத வெளிச்சத்தில் சில நாள் வையுங்கள். முளை குட்டையாக, ஊதா நிறத்தில் தடிக்கும். இருட்டிலேயே கிடந்தால் வெள்ளையாக நீண்டு, நடும்போது ஒடியும்.

அந்தக் கிழங்கு ஒரு கட்டுச்சோறு. இலை விட்டுச் சொந்த அடுப்பு மூட்டும்வரை முளைக்கு அதுதான் சாப்பாடு. கோழிமுட்டை அளவு என்றால் முழுசாகவே நடுங்கள். பெரியதை வெட்டினால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு நடுங்கள்.

அடியில் துளையுள்ள 40 லிட்டர் பையில் மூன்றில் ஒரு பங்கு மண்கலவை போட்டு, இரண்டு மூன்று கிழங்கு புதைத்தால் போதும். தக்காளி, கத்தரி வளர்த்த மண் மட்டும் வேண்டாம். உருளையும் சேர்த்து மூன்றும் ஒரே குடும்பம். வாடல் நோய் அந்த மண்ணிலேயே காத்திருக்கும்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் மண் அணைக்கத் தொடங்குங்கள். புதைந்த தண்டின் கணுக்களிலிருந்து வெள்ளை நூல்கயிறு போலக் கிளைகள் பக்கவாட்டில் ஓடும். அவை வேரல்ல, தண்டுதான். அவற்றின் நுனி வீங்கினால் கிழங்கு. மேலே போடும் மண், டப்பாவின் மூடி. மூடி விலகி வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகும். கூடவே சொலனின் என்ற நஞ்சும் ஏறும். வேகவைத்தாலும் அது போகாது.

இனி முக்கியமான கணக்கு. இலை பகலெல்லாம் சர்க்கரை சமைக்கிறது. செடியின் சொந்தச் சாப்பாடு போக மிஞ்சுவதுதான் குதிருக்குப் போகும். அந்தக் குதிர்தான் கிழங்கு. இரவு புழுங்கினால் செடி மூச்சுவிட்டே அதிகம் தீர்த்துவிடும். கிழங்கு கட்டத் தூண்டும் சமிக்ஞையும் மங்கும். 15 முதல் 20 டிகிரி வரையுள்ள இரவுகளே அதற்கு உகந்தவை.

இது தெரியாமல் மதுரை மொட்டைமாடியில் ஒரு மாசியில் நட்டேன். இடுப்புயரம் தழைத்தது. பையைக் கவிழ்த்தபோது கோலிக்குண்டு அளவில் நாலே நாலு! தழைச்சத்தையும் அள்ளிப் போட்டிருந்தேன், அடுப்புதான் பெருத்தது. இப்போது சமவெளிக்கு நான் சொல்வது கார்த்திகை நடவு. மார்கழி, தை இரவுகள் அப்போதுதான் கைக்கு வரும்.

சுமார் 90 நாளில் இலை மஞ்சளாகும். தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் பொறுங்கள். பிறகு ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் வழன்று வந்தால் இன்னும் சில நாள் இருக்கட்டும். வராவிட்டால் பையைக் கவிழ்க்கலாம்.