அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு மாணவர் சேர்க்கை

நம் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர், சென்ற பொதுக்கூட்டம் முடிந்தபின் ஒரு கடிதத்தைக் காட்டினார். அமெரிக்காவில் வசிக்கும் அவருடைய மகன் எழுதியது. பேரன் பதினோராம் வகுப்பில் பயில்கிறான், டென்னிஸில் வல்லவன். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் இடமும் உபகாரச் சம்பளமும் தருவதாக வாய்மொழியாகக் கூறினாராம். ஆகையால் மற்றக் கல்லூரிகளுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டனராம். இவ்வாக்கின் மதிப்பு யாது என்று அங்கத்தினர் வினவினார். உறவினரை அந்நாட்டில் உடைய பிறருக்கும் பயன்படுமாதலின், விடையைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளிற் பெரும்பகுதியை நிர்வகிப்பது, 1906ஆம் ஆண்டில் தோன்றிய என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கம். அதைச் சேர்ந்த கல்லூரிகள் மூன்று பிரிவுகளாக உள்ளன. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் கிடையாது. முதற் பிரிவைச் சேர்ந்தனவாயினும், ஹார்வர்டு, யேல் முதலிய எட்டு ஐவி லீக் கல்லூரிகளும் அதை அளிப்பதில்லை.

முன்னர்ப் பயிற்சியாளர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புச் சிறுவரிடமே வாக்குப் பெற்று வந்தனர். இதைத் தடுக்க, 2019ஆம் ஆண்டில் முதற் பிரிவின் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு விதி வகுக்கப்பட்டது. பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15ஆம் தேதிக்கு முன்னர், சேர்க்கை பற்றிப் பயிற்சியாளர் மாணவனுடன் பேசலாகாது, எழுதலுமாகாது. கல்லூரிச் செலவில் மாணவனை வரவழைத்தல் அதன்பின் வரும் ஆகஸ்டு 1 முதல். டென்னிஸ் இவ்விதிக்கு உட்பட்டது. அமெரிக்கக் கால்பந்து முதலிய சிலவற்றிற்குத் தேதிகள் வேறு.

இதை அறியாமையால் இருவகைத் தவறு நேர்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் கடிதம் எழுதி, விடை வராமையால் மனம் சோர்கிறான். பயிற்சியாளரோ விதியால் வாய் கட்டுண்டவர். மற்றொருவன், பயிற்சி முகாமுக்கான அச்சிட்ட அழைப்பு வந்ததும் தன்னைத் தேர்ந்துவிட்டதாக மகிழ்கிறான். அவ்வழைப்பு எவ்வயதினருக்கும் அனுப்பத்தக்கது. முகாமுக்குக் கட்டணமும் உண்டு!

படிப்பின் கணக்கோ ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. முதற் பிரிவில் ஆட விரும்புவோன் அங்கீகாரம் பெற்ற 16 பாடங்களை முடித்து, நான்கிற்கு 2.3 என்ற சராசரியேனும் பெற்றிருத்தல் வேண்டும். அவற்றுள் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்குமுன்னரே முடித்தாக வேண்டும். அப்பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றைச் சேர்ந்திருத்தல் வேண்டும். பின்னர் அப்பாடங்களைத் திரும்பப் படித்து மதிப்பெண்ணை உயர்த்த இயலாது. பந்தயங்களில் வென்றும் இவ்விதியில் இடறியவனுக்கு முதலாண்டில் களம் இல்லை.

இனி வாக்கைப் பற்றி. வாய்மொழி வாக்கு இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தாது. பயிற்சியாளர் வேறு கல்லூரிக்கு மாறினால் அதுவும் அவருடன் போய்விடக்கூடும். எழுத்து மூலமான உதவி வாக்கு, பன்னிரண்டாம் வகுப்பாண்டின் ஆகஸ்டு 1க்குப் பின்னரே வரும். டென்னிஸ் முதலியவற்றில் கையெழுத்திடுவது நவம்பரில். 1964 முதல் வழங்கிய தேசிய உறுதிப் பத்திரம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. இப்பொழுது கல்லூரியுடன் செய்துகொள்ளும் உதவி ஒப்பந்தமே ஆதாரம்.

'உபகாரச் சம்பளம்' என்றதும் முழுச் செலவும் கிடைக்கும் என்று எண்ணலாகாது. 2025 வரை முதற் பிரிவு ஆடவர் டென்னிஸ் குழுவிற்கு அனுமதிக்கப்பட்டவை 4.5 முழுச் சம்பளங்களே. அவற்றையே குழுவினர் பங்கிட்டுக் கொண்டனர். 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் அவ்வரம்பு நீங்கி, குழுவின் ஆட்களுக்கு வரம்பு வந்துள்ளது. ஆயினும் எல்லோருக்கும் முழுச் சம்பளம் தர வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. தவிர, 2018இல் தொடங்கிய மாற்றுப் பதிவேட்டின் வழியே, வேறு கல்லூரியில் ஆடித் தேர்ந்தவரையும் பயிற்சியாளர் எளிதில் சேர்த்துக் கொள்கிறார். பள்ளி மாணவனுக்குரிய இடம் அந்த அளவுக்குக் குறைகிறது என்பது எம் கருத்து.

ஆகவே அங்கத்தினர் தம் மகனுக்கு எழுத வேண்டியது இதுவே: சம்பளம் எத்தனை பங்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, பையன் காயமுற்றால் நிலை யாது என்பனவற்றைப் பயிற்சியாளரிடம் இப்பொழுதே கேட்க வேண்டும். ஒப்பந்தம் கைக்கு வரும்வரை மற்றக் கல்லூரிகளுக்கு எழுதுவதை நிறுத்தலாகாது. நிறுத்தியவற்றிற்கு இவ்வாரமே மீண்டும் எழுதலாம். பதினோராம் வகுப்பில் அதற்குக் காலம் கடந்துவிடவில்லை.