சிறிய வங்கியில் ஹஜ் பணம்: போடும் முன் பார்க்க வேண்டியவை

ஹஜ்ஜுக்கும் பிள்ளைகளின் நிக்காஹுக்கும் சேர்த்த பணத்தை, தெரிந்தவர்கள் நடத்துகிறார்கள் என்பதற்காகவே ஊர்க் கூட்டுறவு வங்கியில் போடும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். முதலில் வங்கியின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மூலதனப் போதுமை விகிதம் அதிகமாகவும், வாராக்கடன் விகிதம் குறைவாகவும் இருக்க வேண்டும்.

ஆனால் அந்த எண்களை மட்டும் நம்பிவிட முடியாது. மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி 2019 மார்ச்சில் காட்டிய வாராக்கடன் 4 சதவீதத்துக்கும் குறைவுதான். அதே செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வாடிக்கையாளர்கள் முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்க முடிந்தது. கடனில் 70 சதவீதம் அளவுக்கு ஒரே ரியல் எஸ்டேட் குழுமத்திடம் சிக்கியிருந்ததைப் போலிக் கணக்குகள் மறைத்திருந்தன. ஆகவே கடன் யார் யாருக்குப் போகிறது, நிர்வாகிகளின் உறவினர்களுக்கா என்று பொதுக்குழுவில் கேளுங்கள். நம் ஊர்க்காரர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், இது அமானிதம்.

வங்கி மூழ்கினால் வைப்புத்தொகை காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான். பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் கூடாது. வட்டி வேண்டாமென்று நடப்புக் கணக்கில் வைத்த பணத்துக்கும் இது பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும், 'ஹலால் முதலீடு' என்று ஆள் சேர்க்கும் நிறுவனங்களுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது.