திரையை ஆள்வது எது? ஷெல்லும் போலிமுனையமும்

கணனியிற் கட்டளைகளைத் தட்டச்சிட்டுப் பணிபுரிவோர், தம்முன் உள்ள திரையை ஒரே செய்நிரலின் ஆக்கமாகக் கொள்வது வழக்கம். உண்மையில் அங்கு இரண்டு தொழிற்படுகின்றன. கட்டளையை வாங்கி நிறைவேற்றுவிப்பது ஷெல். எழுத்தைத் திரையில் வரைவது போலிமுனையம்.

இப்பிரிவினை வரலாற்றின் எச்சமாகும். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யூனிக்ஸ் தோன்றிய காலத்தில், முனையம் என்பது கம்பியால் இணைக்கப்பட்ட வேறொரு பொறி. ரெலிரைப் 33 ஒரு வரிக்கு 72 எழுத்தாகத் தாளில் அச்சிட்டது. 1978இல் வந்த வீ.ரி. 100, 80 நிரலும் 24 வரியுங்கொண்ட திரையில், சுட்டியை நகர்த்தவும் வரியை அழிக்கவும் தனிக் குறித்தொடர்களை ஏற்றது. இன்று அப்பொறியின் வேடத்தைப் போலிமுனையம் தாங்குகின்றது.

ஷெல் திரையைக் காண்பதில்லை. அது எழுத்துத் தொடர்களை அனுப்புகின்றது, அவ்வளவே. ஆயினும் பாஷ் போன்ற ஷெல்கள் வரியைத் திருத்த இடமளிப்பதால், சுட்டி எந்நிரலில் நிற்கின்றதென அறிந்தாக வேண்டும். ஆகவே காணாத திரையை அவை மனக்கணக்காக வைத்துக்கொள்கின்றன. பாஷின் தூண்டுகுறிக்கு நிறமூட்டுவோர், நிறக்குறிகளைச் சுற்றி ‘இவை இடங்கொள்ளா’ என்னும் அடையாளத்தை இடாதுவிடின், நீண்ட கட்டளை தன்மேலேயே எழுதப்படுவது இதனாலாகும். பழி போலிமுனையத்தின்மீது விழும். அதுவோ சொன்னதைச் செய்தது.

தமிழில் இச்சிக்கல் கூர்மையடைகின்றது. யுனிகோட் இகரக் குறியை இடங்கொள்வதெனவும், ஈகாரக் குறியையும் புள்ளியையும் இடங்கொள்ளாதனவெனவும் வகுத்துள்ளது. இவ்வகுப்பை அப்படியே பின்பற்றும் அகல அட்டவணை ‘கி’க்கு இரு கட்டமும் ‘கீ’க்கு ஒரு கட்டமும் அளிக்கின்றது. குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று. தொல்காப்பியர் கூறிய மாத்திரைக் கணக்கின் தலைகீழ்! ஷெல் இவ்வட்டவணைப்படி எண்ண, போலிமுனையம் எழுத்துருவின் போக்கில் வரையுமாயின், ஒரு சொல்லிலேயே சுட்டி விலகிவிடும். அழிவிசை ஓரெழுத்தை நீக்க, திரையில் வேறோரெழுத்து மறையும். கோப்பொன்றை நீக்குங் கட்டளையைத் தட்டுபவர், தாம் காணும் பெயரும் ஷெல் கொண்டுள்ள பெயரும் வேறாயிருத்தலை அறியார்.

வரைவது எதுவோ அதுவே அகலத்தையும் அறியும். ஆதலின் தீர்ப்புரிமை போலிமுனையத்தைச் சாரல் வேண்டுமென்பது எமது கருத்து. சுட்டியின் இடத்தை வினவுங் குறித்தொடர் வீ.ரி. 100இலேயே உண்டு, ஆனால் விசைதோறும் வினவின், தொலைவிலுள்ள கணனியோடு பணிபுரிகையில் தாமதம் மிகும். 2025இல் கிற்றி என்னும் போலிமுனையம் மறுவழியொன்றை முன்வைத்தது: எழுத்தை அனுப்புஞ் செய்நிரலே அதற்குரிய கட்டங்களின் எண்ணிக்கையையும் உடன் கூறலாம். இதனால் இரு கணக்குகளும் ஒன்றுபடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘கி’யின் அகலத்தை விதிப்பவர் அச்செய்நிரலை எழுதியவராகின்றார், அவர் தமிழெழுத்தைக் கண்டவராயிருக்க வேண்டுமென்ற நியதி எதுவுமில்லை.